எச்.ஐ.வி.யும் நம் குழுக்களும்: நாம் கற்றுக்கொண்ட வரலாறு



மலருக்குக் கட்டுரை கேட்டு நம்ம தலைவி வீட்டுக்கு வந்தாங்க. "சேமிப்பு, சுழல்நிதி, கறவை மாட்டுக் கடன் பத்தியெல்லாம் எழுத ஆள் இருக்காங்க அக்கா. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்காக நம்ம குழுக்கள் பயிற்சி எடுத்ததை நீங்கதான் எழுதணும்"னு சொன்னாங்க. நான் உடனே ஒத்துக்கல. அந்த வரலாற்றுல நாம பெருமைப்படுற பக்கமும் உண்டு, தலைகுனியுற பக்கமும் உண்டு. தலைகுனியுற பக்கத்துல இருக்கிறது என் கையெழுத்து. ரெண்டையும் எழுதலாம்னா எழுதுறேன்னு சொன்னேன். சரின்னாங்க.

இப்போ குழுவுல சேருற இளம்பெண்களுக்கு இந்தப் பழைய கதை தெரியாது. அவங்களுக்காக முதல்ல இருந்து சொல்றேன்.

சென்னையில் தொடங்கிய கதை

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ஆம் ஆண்டு, சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன், தன்னிடம் மேல்படிப்புப் படித்த நிர்மலாவிடம் இந்த ஆராய்ச்சியைக் கொடுத்தார். பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டுக் காப்பகத்தில் இருந்த பெண்களிடம் நிர்மலா ரத்தம் எடுத்தார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்துப் பார்த்ததில் ஆறு பேருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. நாடு முழுக்க அது பெரிய செய்தியானது.

மருத்துவ உலகத்துக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. அந்த இரண்டு பெண்களும் துணிச்சலான வேலை செய்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ரத்தம் கொடுத்த பெண்களுக்கு எதற்காக எடுக்கிறார்கள் என்று சொல்லப்படவில்லை. அந்தக் காலத்தில் யாரும் அப்படிச் சொல்லும் வழக்கமும் இல்லை. பிறகு நடந்ததுதான் கொடுமை. நோய் இருக்கிறது என்று தெரிந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் காப்பகத்திலேயே அடைத்து வைத்தார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்ட பிறகுதான், 1990-ல் அவர்கள் வெளியே வந்தார்கள். அந்தப் போராட்டத்திலிருந்து பிறந்த தொண்டு நிறுவனம்தான் 'சியாப்'. ஆலோசகர்களுக்கும் உள்ளூர் அமைப்புகளுக்கும் பயிற்சி கொடுப்பதை அது முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டது.

ஆக, நம்ம நாட்டு எச்.ஐ.வி. வரலாற்றின் முதல் பக்கத்திலேயே பெண்கள்தான் இருக்காங்க. அவங்க ரத்தம் அவங்களைக் கேக்காம எடுக்கப்பட்டது, அவங்க ரகசியம் அவங்களைக் கேக்காம வெளியே போனது. இதை நினைவுல வச்சுக்குங்க, பின்னால வரும்.

1992-ல் மத்திய அரசு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. நாட்டிலேயே இப்படித் தனிச் சங்கம் அமைத்த முதல் மாநிலம் நம்முடையது.

லாரி ஊரில் குழுக்கள்

அதே காலத்துலதான் நம்ம குழுக்களும் வளர்ந்தன. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் தொடங்கியது. 1989-ல் ஐ.எப்.ஏ.டி. என்ற பன்னாட்டு நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் முதல் சுய உதவிக் குழுக்கள் வந்தன. அடுத்ததாகச் சேலம் மாவட்டத்துக்கு வந்தது. அப்போ நாமக்கல் சேலத்தோடதான் இருந்தது. 1997-ல்தான் தனி மாவட்டமா செயல்பட ஆரம்பிச்சது. அதே சமயத்துல மகளிர் திட்டமும் வந்து, ஊருக்கு ஊர் குழு ஆரம்பிச்சாங்க. நான் ஊக்குநர் ஆனது அப்போதான். எட்டாவது வரை படிச்சிருந்தேன், கையெழுத்து நல்லா இருக்கும். அந்த ஒரே தகுதியில தீர்மானப் புத்தகம் என் கைக்கு வந்துச்சு.

நாமக்கல் லாரி ஊர். பாடி கட்டுற பட்டறை, டயர் கடை, புக்கிங் ஆபீஸ்னு எங்க பார்த்தாலும் லாரிதான். திருச்செங்கோட்டுல இருந்து போர் போடுற ரிக் வண்டி வடநாடு முழுக்கப் போகும். ஆம்பளைங்க மாசக்கணக்குல வெளியே இருப்பாங்க. எல்லா டிரைவரும் ஒரே மாதிரி இல்ல, அப்படிச் சொன்னா பாவம். ஆனாலும் வீட்டை விட்டு மாசக்கணக்குல அலையுற பொழப்புல இந்த நோய் சுலபமா ஏறிக்கிச்சு. 2001-ல் தமிழ்நாட்டுல கர்ப்பிணிப் பெண்கள்கிட்ட எடுத்த கணக்குப்படி, நூத்துல ஒருத்தருக்குக் கொஞ்சம் மேலேயே எச்.ஐ.வி. இருந்தது.

அந்தக் கணக்கு ஏன் கர்ப்பிணிகள்கிட்ட எடுத்தாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. மாசமா இருக்கிறவ ஆஸ்பத்திரிக்குப் போவா, அங்க ரத்தம் எடுப்பாங்க. புருஷன் எந்தச் சோதனைக்கும் போகமாட்டான். அதனால நோய் முதல்ல யார்கிட்ட இருந்து வந்திருந்தாலும், வீட்டுல முதல்ல வெளிப்படுறது பொண்டாட்டி பேருலதான். "இவ வந்தா, நோய் வந்துச்சு"ன்னு மாமியார் வீட்டுல சொல்லிடுவாங்க. புருஷன் செத்துட்டா, "எம் மகனைக் கொன்னுட்டா"ன்னும் சொல்லுவாங்க. சுவரெல்லாம் 'புள்ளிராஜா' விளம்பரம் இருந்த காலம் அது. அந்தக் கேள்வி ஆம்பளைங்களைப் பார்த்துக் கேட்டது. வீட்டுல இருந்த பொண்ணுங்ககிட்ட யாரும் எதுவும் கேக்கல, சொல்லவும் இல்ல.

நான் எழுதிய ஒரு வரி

குழுக்களுக்கு எச்.ஐ.வி. பத்தின விழிப்புணர்வு வகுப்பு வர ஆரம்பிச்சது. படம் போட்ட அட்டைகளைக் காட்டி, எந்த நாலு வழியில பரவும், எப்படிப் பரவாதுன்னு சொன்னாங்க. பாதுகாப்பில்லாத உடலுறவு, சோதிக்காத ரத்தம், சுத்தமில்லாத ஊசி, தாய்கிட்ட இருந்து குழந்தைக்கு. தொட்டா பரவாது, ஒரே தட்டுல சாப்பிட்டா பரவாது, கொசு கடிச்சாலும் பரவாது. இதையெல்லாம் ஒப்பிச்சு நான் பரிசுகூட வாங்கினேன். எவர்சில்வர் டப்பா ஒண்ணு, இன்னும் அடுப்படியில இருக்கு.

அடுத்த கொஞ்ச நாள்லயே எங்க குழுவுல ஒரு தங்கச்சி என்கிட்ட தனியா வந்தா. புருஷன் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. "அக்கா, எனக்கும் இருக்குதுங். தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போகணும். கடன் வேணும்"னு சொன்னா. ரூ.2,000 கேட்டா. நான் பயப்படல, விலகி உக்காரல. வகுப்புல சொன்னது எல்லாம் ஞாபகம் இருந்தது. குழுவுல பேசிக் கடன் வாங்கிக் கொடுத்தேன். நல்ல காரியம் பண்ணிட்டேன்னு மனசுக்குள்ள ஒரு நிறைவு.

அன்னிக்குத் தீர்மானப் புத்தகத்துல நான் எழுதின வரி இது: "உறுப்பினருக்கு எச்.ஐ.வி. சிகிச்சைக்காக ரூ.2,000 கடன் வழங்க ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." கீழே அவ பேரு, வரிசை எண்.

காரணத்தைத் தெளிவா எழுதணும்னு கணக்குப் பயிற்சியில சொல்லியிருந்தாங்க, எழுதினேன். அந்தப் புத்தகம் எங்கெல்லாம் போகும்னு நான் யோசிக்கல. பேங்குக்குப் போச்சு. தணிக்கைக்குப் போச்சு. அடுத்த தெரு குழு, எப்படி எழுதுறதுன்னு பார்க்க வாங்கிட்டுப் போனாங்க. அந்த வீட்டுல பள்ளிக்கூடம் போற பையன் சத்தம் போட்டுப் படிச்சான்.

பத்து நாள்ல ஊருக்கே தெரிஞ்சது. அவ குழந்தைகூட விளையாடாதேன்னு மத்த குழந்தைகளை இழுத்துட்டுப் போனாங்க. குழுக் கூட்டத்துல ரெண்டு பேர் பாயை நகர்த்திப் போட்டு உக்காந்தாங்க. அவங்களும் என்னோட அதே வகுப்புல உக்காந்தவங்கதான். மாமனார் வீட்டுல அவ துணிமணியை எடுத்து வாசல்ல வச்சாங்க. ஒரு விடியக்காலையில குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஊரை விட்டே போயிட்டா. சேமிப்புப் பணத்தைக்கூடக் கேக்கல.

நோய் எப்படிப் பரவும்னு எனக்குத் தெரிஞ்சிருந்தது. சேதி எப்படிப் பரவும்னு தெரியல.

சொல்லிக்கொடுக்க வந்தவர்கள்

நம்ம மாவட்டத்தைச் சேர்ந்த கௌசல்யா அவர்களைப் பத்திப் பல பேருக்குத் தெரியும். 1995-ல் லாரி ஓட்டுநர் ஒருவரைத் திருமணம் செய்து, சில வாரங்களிலேயே தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை அறிந்தவர். மறைந்து வாழாமல் முகத்தைக் காட்டிப் பேசினார். 1998-ல் சென்னையில் அவரும் அவரைப் போன்ற பெண்களும் சேர்ந்து, எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்றே 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு மாவட்டந்தோறும் எச்.ஐ.வி. உள்ளோர் சங்கங்கள் வளர்ந்தன.

இதற்கு ஓர் உலகப் பின்னணியும் உண்டு. 1994 டிசம்பர் 1-ஆம் தேதி பாரிஸ் நகரில் 42 நாடுகள் கூடி ஓர் உறுதிமொழி எடுத்தன. எச்.ஐ.வி. உள்ளவர்கள் சிகிச்சை பெறுபவர்களாக மட்டும் இருக்கக்கூடாது, திட்டம் போடுவதிலும் நடத்துவதிலும் அவர்களுக்கு இடம் வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியாவும் அதில் ஒப்புக்கொண்டது. அந்த வாக்கு நம்ம ஊருக்கு வந்து சேர்ந்தது ஒரு பயிற்சி வகுப்பாகத்தான்.

அந்தத் தங்கச்சி ஊரை விட்டுப் போய்ச் சில வருஷம் கழிச்சு, ஊக்குநர்களுக்கும் கூட்டமைப்புப் பொறுப்பாளர்களுக்கும் ரெண்டு நாள் பயிற்சி வச்சாங்க. அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், தொண்டு நிறுவனக் களப்பணியாளர்கள் எல்லாரும் வந்திருந்தாங்க. பாடம் எடுக்க வந்தது டாக்டர் இல்ல. எச்.ஐ.வி.யோட வாழுற ரெண்டு பெண்கள். ஒருத்தருக்கு என் வயசு இருக்கும்.

அவங்க அட்டைப் படம் எதுவும் எடுக்கல. எல்லாருக்கும் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தாங்க. "இதுவரை யார்கிட்டயும் சொல்லாத ஒரு விஷயத்தை எழுதுங்க. எழுதி நாலா மடிச்சுக் கையில வச்சுக்குங்க"ன்னாங்க. எழுதினோம். ஹால்ல சத்தமே இல்ல. "இப்போ அந்தக் காகிதத்தை உங்க பக்கத்துல இருக்கிறவங்க கையில கொடுங்க"ன்னாங்க.

ஒருத்தரும் கொடுக்கல. ஒரு அங்கன்வாடி அக்கா காகிதத்தை ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டாங்க. ஒரு பொண்ணு அழ ஆரம்பிச்சுட்டா. நான் கையை இறுக்கி மூடியிருந்தேன், விரல் வலிச்சது.

"யாரும் கொடுக்க வேண்டாம். கிழிச்சுப் போட்டுடுங்க. கையில வச்சிருக்கும்போது எப்படி இருந்ததுன்னு மட்டும் சொல்லுங்க. எங்க காகிதத்தை எங்களைக் கேக்காம ஊரே படிச்சிருக்குது"ன்னு அந்த அம்மா சொன்னாங்க.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்ல. மறுநாள் காலையில எல்லார் முன்னாலயும் எழுந்து, பேர் சொல்லாம, நான் எழுதின வரியைச் சொன்னேன். யாராவது திட்டுவாங்கன்னு நினைச்சேன். அந்த அம்மா கேட்டது ஒண்ணுதான்: "அந்தப் பக்கம் இன்னும் புத்தகத்துல இருக்குதா?" இருந்தது. பழைய புத்தகங்களோட கூட்டமைப்பு அலமாரியில இருந்தது.

மாற்றிய விதிகள்

அந்த ரெண்டு நாள்ல நாங்க கத்துக்கிட்டதுல பாதி மருத்துவம் இல்ல, நடைமுறை. "எய்ட்ஸ் கட்டுப்பாடு"ன்னு எழுதின ஜீப் ஒரு வீட்டு வாசல்ல நின்னா போதும், உள்ள இருக்கிறவங்க குடும்பமே முடிஞ்சதுன்னு சொன்னாங்க. உதவி பண்ணப் போறவங்க முதல்ல வண்டியைத் தெருமுனையில நிறுத்தக் கத்துக்கணும். கூட்டு மருந்து மையத்துல தெரிஞ்ச முகத்தைப் பார்த்தா நாமா போய்ப் பேசக்கூடாது. அவங்க பேசினா பேசலாம். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரட்டுமான்னு கேக்கலாம், வேண்டாம்னா விட்டுடணும். ஒரு உறுப்பினர் தன் நிலையை ஒருத்தர்கிட்ட சொன்னா, அது அந்த ஒருத்தரோட நிக்கணும். தலைவி, பிரதிநிதிக்குக்கூட அவங்க சம்மதம் இல்லாம போகக்கூடாது.

திரும்பி வந்து கூட்டமைப்புல உக்காந்து நம்ம விதிகளை ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தோம்.

முதல் விதி கடன் காரணம். எந்த நோயா இருந்தாலும் புத்தகத்துல "மருத்துவச் செலவு"ன்னு மட்டும் எழுதணும்னு தீர்மானம் போட்டோம். சிலர், "நோய் என்னன்னு தெரியாம எப்படிங் கடன் கொடுக்கிறது?"ன்னு கேட்டாங்க. "உங்க கர்ப்பப்பை ஆபரேஷனைப் புத்தகத்துல எழுதினோமா?"ன்னு ஒரு பெரியம்மா திருப்பிக் கேட்டாங்க. அதோட பேச்சு முடிஞ்சது.

ரெண்டாவது அபராதம். கூட்டத்துக்கு வராட்டி ரூ.5 அபராதம்னு எல்லாக் குழுவுலயும் இருந்தது. மாத்திரை வாங்க மாசம் ஒரு நாள் போகணும், அதுவும் கூட்டம் நடக்குற அதே கிழமையில வந்தா அவங்க என்ன காரணம் சொல்லுவாங்க? பொய் சொல்லணும், இல்ல அபராதம் கட்டணும். வருஷத்துக்கு இத்தனை நாள் காரணம் சொல்லாம விடுப்பு எடுக்கலாம்னு எல்லாருக்கும் பொதுவா மாத்தினோம். எல்லாருக்கும் பொதுன்னு வச்சதுதான் முக்கியம். ஒருத்தருக்கு மட்டும் சலுகைன்னா அதுவே அவங்களைக் காட்டிக்கொடுத்துடும்.

மூணாவதுதான் கஷ்டமா இருந்தது. "செத்துப்போயிட்டா கடனை யார் கட்டுவா?" இந்தக் கேள்வியை வெளிப்படையாவே கேட்டாங்க. மருந்து ஒழுங்கா சாப்பிட்டா வேலை செஞ்சு பல வருஷம் வாழலாம்னு எடுத்துச் சொன்னோம். கேட்டவங்க எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்ல முடியாது. ஒரு குழுவுல ரெண்டு பேர் விலகிப் போனாங்க. அவங்க இன்னும் திரும்பி வரல.

பயிற்சிக்குப் பிறகு நடந்த ஒண்ணு எனக்கு மறக்காது. இட்லிக் கடை வச்சிருந்த நம்ம உறுப்பினர் ஒருத்தரைப் பத்தி ஊருல பேச்சு கிளம்பி, வியாபாரம் படுத்துடுச்சு. அந்தக் குழு கூட்டம் போட்டு விளக்கம் சொல்லல. சொன்னா பேச்சு உண்மைன்னு ஆயிடும், இல்ல பொய் சொன்னதா ஆயிடும். வாராவாரம் கூட்டத்துக்கு டீ பிஸ்கட்டுக்குப் பதிலா அந்தக் கடையில இருந்து இட்லி வாங்கினாங்க. தெருவுல எல்லாரும் பார்க்குற மாதிரி தூக்குப் போசியில எடுத்துட்டுப் போவாங்க, முழு விலையும் கொடுப்பாங்க. கொஞ்ச நாள்ல பழைய வாடிக்கை பாதிக்கு மேல திரும்பிடுச்சு.

மருந்தும் சட்டமும்

இந்தக் காலத்தில் வெளியேயும் பெரிய மாற்றங்கள் நடந்தன. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து சிகிச்சை இலவசமாகத் தொடங்கியது. முதலில் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் தாம்பரம் காச நோய் மருத்துவமனையும் ஒன்று. பிறகு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கே வந்தது. ராத்திரி பஸ் ஏறித் தாம்பரம் போன காலம் மாறியது. ரத்தப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' வந்தது.

சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் எச்.ஐ.வி. உள்ள தாயிடமிருந்து பிறக்கும் 100 குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகளுக்கு நோய் வரலாம். தாய் மருந்தைச் சரியாக எடுத்துக்கொண்டால் அது 5-க்கும் கீழே வந்துவிடும். 2017 முதல், ரத்தத்தில் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை குறையட்டும் என்று காத்திருக்காமல், நோய் தெரிந்த எல்லோருக்கும் உடனே மருந்து கொடுக்கிறார்கள். மருந்தை விடாமல் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் துணைக்கு நோய் பரவாது என்பதும் இன்று உறுதியாகியிருக்கிறது.

சட்டமும் வந்தது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. சம்மதம் இல்லாமல் சோதனை செய்யக்கூடாது. ஒருவரின் நிலையைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது. வேலை, பள்ளிக்கூடம், வைத்தியம், வாடகை வீடு எதிலும் பாகுபாடு காட்டக்கூடாது. குடியிருக்கும் கூட்டு வீட்டை விட்டு வெளியே தள்ளக்கூடாது. துணிமணியை வாசலில் வைப்பது இன்று சட்டப்படி குற்றம் சாட்டிக் கேட்கக்கூடிய விஷயம். இதோடு, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கணவரின் சொத்தில் பிள்ளைகளோடும் மாமியாரோடும் சேர்த்து மனைவிக்கும் சம பங்கு உண்டு. வாரிசுச் சான்றிதழ் வாங்கக் கூட நின்றாலே பல தங்கச்சிகளுக்குப் பாதிப் பாரம் இறங்கும். அதை நம் கூட்டமைப்பு செய்துவருகிறது.

1986-ல் அந்தப் பெண்களுக்குக் கிடைக்காத ரெண்டு விஷயம், சம்மதமும் ரகசியமும், சட்டத்துல எழுத்தாக 31 வருஷம் ஆச்சு. நம்ம தீர்மானப் புத்தகத்துல அது வர ஒரு தங்கச்சி ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது.

கடைசியாக

பயிற்சி முடிஞ்சு வந்ததும் அலமாரியைத் திறந்து, அந்தப் பழைய புத்தகத்துல அந்த வரி இருந்த பக்கத்தை எடுத்துட்டு, தொகையும் தேதியும் மட்டும் வேற தாள்ல நகல் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒட்டினோம். அவ சேமிப்பையும் வட்டியையும் கணக்குப் பார்த்து, கடன் பாக்கியைக் குழுவே தள்ளுபடி செஞ்சு, பணத்தை எடுத்துக்கிட்டு அவ அம்மா ஊருக்குப் போனேன். அந்த அம்மா திண்ணையில வச்சே எண்ணிப் பார்த்தாங்க. "சரியா இருக்குது"ன்னாங்க. உள்ள போயிட்டாங்க. வந்தவங்களுக்கு ஒரு சொம்புத் தண்ணி கொடுக்காத வீடு எங்க பக்கம் கிடையாது. அன்னிக்கு அவங்க கொடுக்கல. நான் எதிர்பார்க்கவும் இல்ல.

இந்தக் கட்டுரை எழுதச் சொன்னதும் நான் முதல்ல செஞ்ச வேலை, அந்தத் தங்கச்சியோட நம்பரைத் தேடிப் பிடிச்சுப் பேசினதுதான். உன் கதையை எழுதலாமான்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தா. அப்புறம், "பேரும் ஊரும் வேண்டாங்கக்கா. மத்ததை எழுதிக்குங்க. புதுசா நோட்டு எழுதுற புள்ளைங்க படிக்கட்டும்"னு சொன்னா. மகன் வேலைக்குப் போறானாம். மாத்திரை ஒரு நாளும் விடறதில்லையாம்.

நோட்டு எழுதுற பிள்ளைகளே, இது உங்களுக்குத்தான். உங்க குழுவுல யாராவது தனியா வந்து பேசினா, முதல்ல காது கொடுங்க. நம்பிக்கை மையத்துக்கு வழி சொல்லுங்க. 1097 இலவச எண்ணைக் கொடுங்க, பேர் சொல்லாமலே பேசலாம். கடன் வேணும்னா எப்பவும் போல குழுவுல வைங்க. புத்தகத்துல எழுதும்போது "மருத்துவச் செலவு"ன்னு எழுதி, தொகையைப் போட்டு, மூடி வைங்க.